அல்-பீரூனி அளந்த பூமி: எந்த முழத்தில்?

கேள்வி இது: "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்-பீரூனி ஒரே ஒரு மலை உச்சியில் நின்று பூமியின் ஆரத்தை 99 சதவீதத் துல்லியத்தோடு கணக்கிட்டார் என்கிறார்களே, உண்மையா? எப்படிச் செய்தார்? நாமும் செய்து பார்க்க முடியுமா?"

மலை உண்மை, முறை உண்மை. அவர் எழுதி வைத்த எண்களும் நம்மிடம் இருக்கின்றன. தயங்க வேண்டிய இடம் அந்த 99 சதவீதம்தான். அது பீரூனி சொன்னதல்ல, அவர் எண்ணை நாம் கிலோமீட்டராக மாற்றும்போது பிறப்பது. அவர் விடை முழத்தில் இருக்கிறது. முழம் என்றால் எந்த முழம் என்று கேட்க, பூ வாங்கிப் பழகிய நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இந்தச் சிக்கல் பீரூனிக்கும் 200 ஆண்டுகள் முந்தையது. 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா மாமூன் காலத்தில், பாக்தாதில் கிரேக்க வானியல் நூல்கள் அரபிக்கு வந்துகொண்டிருந்தன. பூமியின் சுற்றில் ஒரு பாகைக்கு 500 ஸ்டேடியம் என்று தாலமி எழுதியிருந்தார். ஸ்டேடியம் என்பது எவ்வளவு நீளம் என்று மாமூன் கேட்டார். மொழிபெயர்ப்பாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாக்கியம் மொழி தாண்டி வந்துவிட்டது, அளவுகோல் வரவில்லை. அப்படியானால் நாமே அளப்போம் என்று அவர் ஆள் அனுப்பினார். எனக்குத் தெரிந்து அந்தக் காலத்து அறிவுப் பரிமாற்றத்தின் இயல்பை இதைவிட நன்றாகக் காட்டும் சம்பவம் இல்லை. வந்த நூலை அவர்கள் வெறுமனே பாதுகாத்து வைக்கவில்லை. அதில் ஒரு சொல் புரியாதபோது பாலைவனத்துக்குக் கயிறும் முளையும் கொண்டு போனார்கள்.

இன்றைய வடமேற்கு ஈராக்கில் இருக்கும் சிஞ்சார் சமவெளியில் அந்த அளவீடு நடந்தது. ஒரு குழு நேர் வடக்கே, இன்னொரு குழு நேர் தெற்கே. முளை அடித்து, அதற்கு நேராக அடுத்த முளை, இடையில் கயிறு. வானத்தில் ஒரு விண்மீனின் அல்லது நண்பகல் சூரியனின் கோண உயரம் சரியாக ஒரு பாகை மாறும் வரை நடப்பது, பிறகு கயிற்றைக் கூட்டுவது. நண்பகல் சூரியனை வைத்து அளந்தால், நடக்கும் நாட்களில் சூரியனே வடக்கு தெற்காக நகர்வதையும் கழிக்க வேண்டும். ஒரு பாகை என்றால் இன்றைய கணக்கில் சுமார் 111 கிலோமீட்டர். வழியில் கயிறு இழுபடும், ஈரத்தில் சுருங்கும், முளை வரிசை மெல்ல ஒரு பக்கம் சாயும். இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து கோணத்தில்தான். ஒரு பாகையை 60 கலையாகப் பிரித்தால், கருவி ஒரே ஒரு கலை பிசகினாலும் விடை 1.7 சதவீதம் போய்விடும். கிடைத்த விடையை அக்கால வானியலாளர்களில் ஹபஷ் அல்-ஹாஸிப் பாகைக்கு 56 அரபு மைல் என்கிறார், அல்-ஃபர்கானீ 56⅔ என்கிறார். இந்த முரண் பீரூனியை உறுத்திக்கொண்டே இருந்தது.

பீரூனி 973-இல் குவாரிஸ்மின் காத் நகரில் பிறந்தவர். அது இன்றைய உஸ்பெகிஸ்தான். இளமையில் ஜுர்ஜான் பக்கத்துப் பாலைவனத்தில் தாமே ஒரு பாகையை நடந்து அளக்க முயன்றார், போதிய ஆதரவு இல்லாமல் அது கைகூடவில்லை. 1017-இல் கஸ்னி மஹ்மூத் குவாரிஸ்மைப் பிடித்தபோது அங்கிருந்த அறிஞர்களோடு அவரையும் கஸ்னிக்குக் கொண்டு போனார். அங்கிருந்து இந்தியப் பகுதிகளுக்குப் போய்வந்த காலத்தில் நந்தனாக் கோட்டையில் இருந்தார். இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில், ஜீலம் மாவட்டத்தின் உப்பு மலைத்தொடரில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. பின்னால் மலை, முன்னால் கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. பாலைவனத்தில் நடக்கத் தேவையில்லாத இன்னொரு வழி என்று அவரே அறிமுகப்படுத்தும் முறைக்கு இதைவிட வாகான இடம் அமையாது.

அந்த யோசனை அவருடையது மட்டும் என்று சொல்வதும் தவறு. மாமூனின் படையெடுப்பு ஒன்றில் கூடப்போன வானியலாளர் ஸனத் இப்னு அலீ, கடலை ஒட்டிய உயரமான மலையில் ஏறி, மறையும் சூரியன் எவ்வளவு கீழே தெரிகிறது என்று அளந்தாராம். இதைப் பதிவு செய்திருப்பவரே பீரூனிதான். முன்னோடி பெயரை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. எல்லா எண்களோடும் வடிவியல் நிறுவலோடும் நமக்குக் கிடைத்த அளவீடு அவருடையது என்பதே போதுமான பெருமை.

இனி முறைக்கு வருவோம். இதில் இரண்டு வேலைகள் உண்டு.

முதல் வேலை, சமவெளியிலிருந்து மலையின் உயரம். நிழல் வைத்து அளக்க முடியாது, மலையின் நடு அடிவாரத்துக்கு நாம் போக முடியாதே. எனவே இரண்டு கோணங்கள் வேண்டும். பீரூனி இதற்கு அளவு பொறித்த சதுரப் பலகையையும் அதன் மூலையில் சுழலும் சட்டத்தையும் விவரிக்கிறார். பள்ளிக் கணக்கில் இதையே இப்படிச் செய்வோம்: ஓர் இடத்தில் நின்று உச்சியின் ஏற்றக் கோணத்தை அளக்க வேண்டும், நேராகப் பின்னால் நகர்ந்து மறுபடி அளக்க வேண்டும். நகர்ந்த தூரத்தை இரு கோணங்களின் கோடேன்ஜென்ட் வித்தியாசத்தால் வகுத்தால் உயரம். இங்கே அடிக்கோடு குட்டையாக இருந்தால் கதை கெட்டது. 652 முழ மலையை 1,500 முழத்திலும் 1,700 முழத்திலும் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோணங்கள் ஏறத்தாழ 23½, 21 பாகை. தூரத்துக் கோணத்தில் 6 கலை மட்டும் பிசகட்டும், உயரம் 4 சதவீதத்துக்கு மேல் தவறிவிடும்.

பீரூனி தரும் உயரம் 652 முழம், 3 அறுபதின்கூறு, அதிலும் 18 அறுபதின்கூறு. அதாவது 652.055 முழம். மில்லிமீட்டருக்கும் கீழே போகும் இந்த நுணுக்கத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. அது வகுத்தலில் வந்த வால். மலையை யாரும் மில்லிமீட்டரில் அளக்கவில்லை.

இரண்டாவது வேலை உச்சியில். தொடுவானத்தைப் பார்க்கும் பார்வை, கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே சாய்கிறது என்று அளக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த இறக்கக் கோணம் 34 கலை, அரைப் பாகையைவிடச் சற்றே அதிகம்.

ஏன் இது போதும்? உங்கள் பார்வைக் கோடு பூமியைத் தொட்டுச் செல்லும் தொடுகோடு. தொடும் புள்ளிக்கு மையத்திலிருந்து வரும் ஆரம் அதற்குச் செங்குத்து. மையம், தொடும் புள்ளி, மலை உச்சி மூன்றையும் சேர்த்தால் செங்கோண முக்கோணம். மையத்தில் உண்டாகும் கோணமும் நீங்கள் அளந்த இறக்கக் கோணமும் ஒன்றே. கர்ணம் என்பது ஆரமும் மலை உயரமும் சேர்ந்தது. ஆகவே:

ஆரம் = உயரம் × கொசைன் ÷ (1 − கொசைன்)

இந்தக் கணக்குக்கு வேண்டிய சைன் என்பதே ஊர் சுற்றி வந்த சொல். கிரேக்கர்கள் முழு நாணை வைத்துக் கணக்கிட்டார்கள். இந்தியர்கள் அதைப் பாதியாக்கி ஜ்யா என்றார்கள். 8-ஆம் நூற்றாண்டில் சமஸ்கிருத வானியல் பாக்தாதை அடைந்தபோது அது அரபியில் ஜீபா ஆயிற்று. உயிர்க்குறி இல்லாமல் எழுதப்பட்டதால், சட்டையின் மடிப்பைக் குறிக்கும் ஜைப் என்று வாசிக்கப்பட்டது. லத்தீனில் அதை மொழிபெயர்த்தவர்கள் சைனஸ் என்றார்கள். நாம் சட்டை ஜேப்பு என்கிறோமே, அதன் வேரும் அந்த ஜைப்தான்.

சரி, எண்ணைப் போட்டுப் பார்ப்போம். 34 கலையின் கொசைன் 0.9999511. ஒன்றிலிருந்து கழித்தால் 0.0000489. முறையின் பலவீனம் முழுவதும் இந்தக் கழித்தலில் இருக்கிறது. ஏறக்குறைய சமமான இரு எண்களைக் கழிக்கிறோம், முதல் நான்கு இலக்கங்களும் அடித்துக்கொண்டு போய்விடுகின்றன, கடைசி இலக்கங்களில் இருந்த பிழைதான் மிஞ்சுகிறது.

பீரூனி அறுபதின் முறையில், அதாவது ஒவ்வொரு கூறையும் மறுபடி அறுபதாகப் பிரித்துக்கொண்டே போகும் முறையில், கணக்கிட்டவர். அந்த முறையில் 34 கலையின் கொசைன் 59, 59, 49, 26 என்று போக வேண்டும். அவர் கணக்குகளில் ஒன்று 59, 59, 49-உடன் நிற்கிறது, இன்னொன்று 59, 59, 49, 2, 28 என்று போகிறது. பார்வைக்கு அற்ப வித்தியாசம். ஆனால் ஒன்றிலிருந்து கழித்தபின் மூன்றாம் இடத்தில் 10.56 வர வேண்டியதற்கு, ஒன்றில் 11-உம் மற்றதில் 10.96-உம் வருகின்றன. நாலு சதவீதம் அங்கேயே போயிற்று. அதனால்தான் அவர் பெயரில் இரண்டு ஆரங்கள் புழங்குகின்றன: 1 கோடியே 28 லட்சத்து 3 ஆயிரம் முழம் ஒன்று, 1 கோடியே 28 லட்சத்து 51 ஆயிரம் முழம் மற்றொன்று. அதே உயரத்தையும் அதே 34 கலையையும் வைத்து இன்றைய கால்குலேட்டரில் போட்டால் 1 கோடியே 33 லட்சம் வரும்.

இப்போது அந்த 99 சதவீதத்துக்கு வருவோம். 1 கோடியே 28 லட்சத்து 51 ஆயிரம் முழத்தை, ஒரு முழம் 49.33 சென்டிமீட்டர் என்று எடுத்துப் பெருக்கினால் 6,340 கிலோமீட்டர். பூமியின் சராசரி ஆரம் 6,371. வித்தியாசம் அரை சதவீதம்! ஆனால் அந்தக் கால அரபு அளவான கருப்பு முழம் என்ற பெயருக்கு 54 சென்டிமீட்டர் வரை சொல்லும் கணிப்பும் உண்டு. அதைக் கொண்டு பெருக்கினால் 6,940 கிலோமீட்டர், பிழை 9 சதவீதம். முழத்தை 49.33 என்றே வைத்துக்கொண்டு கொசைனை மட்டும் திருத்தினால் 6,580 கிலோமீட்டர், பிழை 3 சதவீதம். ஸ்டேடியம் எவ்வளவு என்று மாமூன் கேட்ட அதே இடத்தில்தான் நாமும் நிற்கிறோம். இணையத்தில் அரை சதவீதத்தைப் போடுகிறவர்கள் முழத்தின் நீளத்தையும் சேர்த்துப் போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்த அலகுக் குழப்பம் காகிதத்தோடு நிற்கவில்லை. ஃபர்கானீயின் 56⅔ மைல் லத்தீன் வழியாகக் கொலம்பஸ் கைக்குப் போனது. அரபு மைல் 4,000 முழம், சுமார் 1.97 கிலோமீட்டர். கொலம்பஸ் அதை 1.48 கிலோமீட்டர் உள்ள இத்தாலிய மைலாக எடுத்துக்கொண்டார். 40,000 கிலோமீட்டர் சுற்றளவு 30,000 ஆகச் சுருங்கியது. மேற்கே போனால் ஆசியா பக்கத்தில் இருக்கிறது என்ற அவர் நம்பிக்கைக்கு இது ஒரு தூண்.

34 கலையைப் பற்றியும் பேச வேண்டும். 49.33 சென்டிமீட்டர் முழத்தில் மலை 322 மீட்டர். அந்த உயரத்திலிருந்து வடிவியல்படி இறக்கக் கோணம் 34½ கலை இருக்க வேண்டும். பீரூனியின் 34 அதற்கு அருகில் இருக்கிறது என்று மகிழ்வதற்குள் காற்று குறுக்கிடுகிறது. வளிமண்டலம் கீழே அடர்த்தி, மேலே மெலிவு. அதனால் ஒளி வளைந்து வந்து தொடுவானத்தைச் சற்றுத் தூக்கிக் காட்டும். சாதாரண நாளில் கண்ணுக்குத் தெரிய வேண்டியது 32 கலை. ஒளி விலகலைக் கணக்கில் சேர்க்காமல் 32-ஐப் போட்டால் ஆரம் 7,430 கிலோமீட்டருக்குப் போய்விடும், 17 சதவீதம் கூடுதல். பீரூனி இந்தத் திருத்தம் எதையும் செய்யவில்லை. ஆகவே 34 வந்ததற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும். வெயிலில் தரை கொதிக்கும்போது ஒளியின் வளைவு குறையும், தரையை ஒட்டி எதிர்ப்பக்கமாகவும் வளையும். பஞ்சாப் சமவெளியும் கடல் மட்டம்போலத் தட்டையாக இல்லை, நதிகளோடு தென்மேற்காகச் சாய்கிறது. தொடுவானம் சுமார் 64 கிலோமீட்டர் தள்ளி விழுகிறது, அவ்வளவு தூரத்தில் தூசியும் புகைமூட்டமும் விளிம்பை மங்கச் செய்யும். கருவியின் பிசகு இதற்கெல்லாம் மேலே. ஒரு கலை எவ்வளவு பெரிது என்று பாருங்கள்: அதே மலைக்கு 33 கலை என்றால் 6,980 கிலோமீட்டர், 34 என்றால் 6,580, 35 என்றால் 6,210. கோணம் வர்க்கமாக வருவதால் 3 சதவீதப் பிழை 6 சதவீதமாகிறது.

பீரூனிக்கு இந்த நிலைமை தெரியாமல் இல்லை. அவர் கணக்கிட்ட விடை ஒரு பாகைக்குச் சுமார் 56 மைல். மாமூன் ஆட்கள் பெற்றதோடு இது ஒத்துப்போகிறது என்று குறித்துவிட்டு, அவர்கள் கருவி நுட்பமானது, அவர்கள் பட்ட பாடும் அதிகம், எனவே அவர்களுடைய எண்ணையே நம்புவோம் என்று எழுதினார். தன் முறைக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று அவர் போட்ட மதிப்பு அது. எனக்கு அந்த ஒரு வரி அரை சதவீதத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? பூமி உருண்டை என்று நிரூபிக்க அல்ல, அது அவருக்கு முன்பே கற்றவர்களுக்குத் தெரிந்த செய்தி. கஸ்னியிலிருந்து மக்கா எந்தத் திசை என்று கண்டுபிடிக்க இரு ஊர்களின் தீர்க்கரேகை வித்தியாசம் வேண்டும். 1025-இல் முடித்த தஹ்தீத் நூலில் பாக்தாதிலிருந்து கஸ்னி வரை ஊர் ஊராக முக்கோணம் போட்டுப் போகிறார். ஒட்டக வணிகர்கள் சொல்லும் ஃபர்ஸக் தூரம்தான் மூலப்பொருள். ஒரு ஃபர்ஸக் 3 மைல். வழி வளைந்து போவதால் அதில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதியைப் பாகையாக மாற்ற வேண்டும். அந்த இடத்தில்தான் பாகைக்கு எத்தனை மைல் என்ற எண் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. பாக்தாதுக்கும் கஸ்னிக்கும் உண்மையான வித்தியாசம் சுமார் 24 பாகை. அவர் பெற்றது அதிலிருந்து அரைப் பாகைக்குள் இருக்கிறது.

இன்னொரு வழியும் அவர் கையில் இருந்தது. 997-இல் ஒரு சந்திர கிரகணத்தை, முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, பீரூனி காத் நகரிலும் வானியலாளர் அபுல் வஃபா பாக்தாதிலும் பார்த்தார்கள். கிரகணம் எல்லோருக்கும் ஒரே நொடியில் நடக்கிறது, உள்ளூர் நேரம்தான் மாறுகிறது. இரு நேரங்களின் வித்தியாசம் சுமார் ஒரு மணி, அதாவது 15 பாகை. அன்றைக்குப் பீரூனிக்கு வயது 23. கடிதம் போய்வர வாரக்கணக்கில் ஆகும் காலத்தில், இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே இரவில் ஒரே நிலவைப் பார்க்க ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். தரையைவிடக் கடல் தொடுவானம் நல்லது, மட்டம் பற்றிய சந்தேகம் இராது. கடலோரக் குன்று, 100 மீட்டராவது இருக்கட்டும். உயரத்தை நில அளவைக் குறியிலிருந்து எடுத்து, உங்கள் கருவியின் உயரத்தைக் கூட்டி, அந்த நேரத்து அலை ஏற்ற இறக்கத்தையும் சரிசெய்யுங்கள். உயரத்தில் ஒரு மீட்டர் தவறினால் விடை ஒரு சதவீதம் தவறும். கோணத்துக்குத் தியோடலைட் வேண்டும். கைப்பேசிச் செயலி பத்தில் ஒரு பாகை பிசகும், அது 6 கலை. நீங்கள் அளக்கப்போவதோ மொத்தமே 18 கலை. தியோடலைட்டில் இடமுகம், தொலைநோக்கியைப் புரட்டி வலமுகம் என இரண்டிலும் படித்துச் சராசரி எடுத்தால் கருவியின் சுழிப்பிழை அடிபடும். விடியற்காலையைத் தவிர்த்து, காற்று நன்றாகக் கலந்த பகல் நேரத்தில், விளிம்பு கத்திபோல் தெளிவாகத் தெரியும் நாளில் குறைந்தது பத்து முறை படியுங்கள். 100 மீட்டருக்கு வடிவியல் 19.3 கலை கேட்கும், உங்கள் கண்ணுக்கு 17.8 அளவில் தெரியும். அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் 7,460 கிலோமீட்டர் வரும். ஒளி விலகலுக்காக ஏழில் ஆறு பங்கு எடுத்தால் 6,390. கால்குலேட்டரில் 1 − கொசைன் என்று அடிக்காமல், கோணத்தை ரேடியனாக்கி வர்க்கப்படுத்தி, உயரத்தின் இரு மடங்கை அதனால் வகுத்துவிடுங்கள். விடை அதேதான், பீரூனியை 4 சதவீதம் இடறவைத்த கழித்தல் மட்டும் அதில் இல்லை.